ஒரே சாய்வில் ஒன்பது டிக்

போன மாதம் கடலாடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘நோயாளிகளின் மன உறுதியை வளர்ப்பது எப்படி?’ எனக்குப் பின்னால் இருந்த திரையில் ஓர் ஆள் பனிமலை உச்சியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டிருந்தான். எங்கள் மாவட்டத்தில் பனியும் கிடையாது, மலையும் கிடையாது. கருவேலங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே முப்பது வருடத்துக்கு மேல் மாத்திரை கொடுத்தவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் பேசினேன். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வைராக்கியம் என்று அழகழகான வார்த்தைகளாக எடுத்துப் போட்டேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க மன உறுதியா நின்ன ஒரு சம்பவம் சொல்லுங்களேன்” என்றாள். புயல் நாளில் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த கதையைச் சொன்னேன். அது நடந்ததுதான், பொய்யில்லை. கை தட்டினார்கள், சால்வை போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு ஒரு மாதிரி இருந்தது. தண்ணீரில் நடக்க என்ன உறுதி வேண்டிக் கிடக்கிறது? நின்றால் மூழ்கிவிடுவோம், அதனால் நடந்தேன். நான் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறு. அதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அய்யா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். பன்னிரண்டாவது முடித்ததும் மதுரையில் செவிலியர் பயிற்சி. ஊசி போட, பிரசவம் பார்க்க, பதிவேடு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் பதிவேடு எழுதுவதுதான் பாதி வேலை. சுற்றிச் சுற்றி இந்த மாவட்டத்திலேயே பல ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அதில் அதிக வருடம் கீழக்கரைப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில். ஒரே அறை, ஒரு மேசை, ஒரு எடை பார்க்கும் கருவி, வாசலில் ஒரு வேப்பமரம். அந்த நிழலில்தான் என் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போதும் கண்ணை மூடினால் அந்த இடம்தான் வருகிறது.

மன உறுதி விஷயத்தில் நான் சின்ன வயதிலிருந்தே லேசான கேஸ். தவக்காலம் வந்தால் ஊரில் இறைச்சியை விடுவார்கள். எங்கள் வீட்டில் இறைச்சி எடுப்பதே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான், அதை விடுவதில் என்ன பெருமை? அதனால் நான் வருடா வருடம் டீயை விடுகிறேன் என்று நேர்ந்துகொள்வேன். நாலாவது நாள் தலைவலி வரும். தலைவலிக்கு மருந்தாகத்தானே குடிக்கிறோம் என்று குடித்துவிடுவேன். இந்த லட்சணத்தில், நோயாளிகளைப் பார்த்தவுடன் இவர் உறுதியானவர், இவர் உறுதியில்லாதவர் என்று முத்திரை குத்துவதில் மட்டும் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அப்போது காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறை வேறு. திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் நோயாளி நம்மிடம் வர வேண்டும். நம் கண் முன்னால் ஏழு மாத்திரையையும் விழுங்க வேண்டும். ஆறு மாதம். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு மருந்துப் பெட்டி, ஒரு சிகிச்சை அட்டை. விழுங்கினால் அன்றைய கட்டத்தில் டிக், வராவிட்டால் வட்டம். இப்போது மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எடுத்துக்கொண்டதும் போன் செய்து பதிய வேண்டுமாம். எங்கள் காலம்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர் பாளம் பாளமாக வெடித்த காலோடு அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றதைப் பார்த்தவள் நான். அந்த அலைச்சல் ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அட்டை போக, என் சொந்த நோட்டு ஒன்றில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ‘ம.உ.’ என்று எழுதுவேன், அல்லது ஒரு கோடு போடுவேன். மன உறுதி உண்டு, இல்லை என்று அர்த்தம். படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவருக்கு முதல் நாளே கோடு போட்டேன். பகலிலேயே சாராய வாடை அடிக்கும். அந்த மனுஷன் ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் வந்து முடித்தார். எப்படிண்ணே என்று கேட்டேன். “அட, கடைக்குப் போற வழியிலதானம்மா உங்க சென்டர் இருக்கு” என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருந்தால் பின்னால் பட்டது பாதியாவது குறைந்திருக்கும்.

எங்களுக்கு மேலே சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்தவர் கருப்பையா சார். கமுதிப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். பிளாஸ்டிக் பாட்டிலில் தன் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவருவார், யார் வீட்டிலும் டீகூடக் குடிக்க மாட்டார். திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு இருந்தால் “ம்” என்பார், இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் நமக்கு வேர்த்துவிடும். அட்டையை வாங்கினால் படிக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

மாத்திரை கொடுக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். நோயாளி விழுங்கித் தண்ணீர் குடித்ததும், “வாயைத் தெறங்க. நாக்கைத் தூக்குங்க. பேரைச் சொல்லுங்க” என்று மூன்றும் வரிசையாகக் கேட்க வேண்டும். பேர் எதற்கு சார் என்றதற்கு, “கன்னத்துல மாத்திரைய அடக்கி வச்சிக்கிட்டு எவனும் தன் பேரைத் தெளிவாச் சொல்ல முடியாதும்மா” என்றார். பேரைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன்.

இப்போது ஹபீபா லாத்தா. பெயர் அதுவல்ல, மாற்றியிருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் லாத்தா. கணவர் சவுதியில். வீட்டில் வயதான உம்மாவும் கல்யாண வயதில் ஒரு மகளும். இருமல் விடவில்லை என்று வந்தவருக்குச் சளியில் கிருமி இருந்தது. சொன்னதும் அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நர்சம்மா, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். பெத்தவளுக்கு டிபின்னு வெளிய தெரிஞ்சா அந்தப் பேச்சு அன்னையோட முடிஞ்சிரும்” என்றார். வீட்டில் ரத்தச் சோகைக்கு மாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்தோம். வீட்டில் மற்ற இருவருக்கும் இருமல் இருக்கிறதா என்று வேறு சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து தெரு ஓய்ந்ததும் ஒயர்கூடையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவர் மாதிரி வருவார். வாயைத் திறப்பார், நாக்கைத் தூக்குவார், பேரைச் சொல்வார். மூன்று வாரம் கடிகாரம் மாதிரி வந்தார். நோட்டில் ‘ம.உ.’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு ரமலான் பிறந்தது.

முதல் நோன்புக்கு முந்தின நாள் வந்து, “பகல்ல முழுங்க முடியாது நர்சம்மா. கையில குடுத்துருங்க, விடியுமுன்ன சஹருக்குச் சாப்புடுறப்ப போட்டுக்கிறேன்” என்றார். கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் போலியோ சொட்டு மருந்து வேலை தலைக்கு மேல் இருந்தது. அடிக்கோடு போட்ட ஆள் வேறு. மூன்று வாரத்துக்கான ஒன்பது வேளை மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டிக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று வாரமும் அட்டையைத் தொடவே இல்லை. சார் நாளைக்கு வருகிறார் என்று சேதி வந்த அன்றுதான் எடுத்தேன். ஒன்பது கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் விழுங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்பதிலும் டிக் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை சார் வந்தார். அட்டையை ஜன்னலில் சாய்த்துப் பிடித்தார்.

“இந்த அம்மா நோன்புலயும் ஒழுங்கா வருதா?”

“வருது சார்.”

“வாயைத் தெறந்து பாத்தியாம்மா?”

“பாத்தேன் சார்.”

“ம்” என்றார். இரண்டு மடக்குத் தண்ணீர். கண்ணாடியைத் துடைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டது நிஜம். ஆனால் அந்த ‘ம்’ விடவில்லை. பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்கிற சாக்கில் சாயங்காலம் லாத்தா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். உம்மாவும் மகளும் முன்னறையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தது ஒரே ஒரு வேளை மாத்திரை. மிச்சம் எட்டும் அப்படியே இருந்தது.

“மொத நாள் சஹருக்குப் போட்டேன். பொழுது விடிஞ்சதும் கொடலைப் பெரட்டிக்கிட்டு வந்துச்சு. உம்மா பாத்துட்டாக. நோன்பை விட்ருடின்னாக. அதுக்கப்பறம் மாத்திரையத் தொடலை.”

“லாத்தா, உடம்பு சரியில்லாதவங்களுக்கு நோன்பு கடமை இல்லைன்னு உங்க மார்க்கத்துலயே இருக்குல்ல? பெறகு பிடிச்சுக்கலாம்ல?”

“அது எனக்குத் தெரியாதா? ஆனா ஏன் பிடிக்கலைன்னு தெருவே கேக்குமே. மாசாமாசம் பொம்பளைக்கு விட்டு வச்ச நாளும் போன வாரமே முடிஞ்சுபோச்சு. இனி என்னத்தைச் சொல்லுவேன்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வந்த கோபம்தான். “உயிரு போயிரும் லாத்தா. இதுக்குக் கொஞ்சம் மன உறுதி வேணும். உங்களுக்கு அது இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

லாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இருவத்தி ரெண்டு நோன்புல அந்த நாளு போக, மிச்ச நாளெல்லாம் விடிஞ்சதுலேர்ந்து பொழுது அடையிற வரைக்கும் சொட்டுத் தண்ணி தொண்டையில இறங்கலை. இந்த இருமலோட. எனக்கா இல்லை?” என்றார். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, “ஆமா, நான் வராத நாளுக்கெல்லாம் அட்டையில என்னா போட்டீங்க?” என்று கேட்டார்.

அட்டை எப்படி நிரப்பப்படும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவர்தானே. நான் குனிந்து பொட்டலத்தை மடித்துக் கட்டினேன். சொல்லாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடத்தில் எந்த அதிகாரியும் என்னை அப்படிக் கூசிப்போக வைத்ததில்லை.

அந்த ஒன்பது டிக் சாதாரண விஷயமில்லை. அடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தால் டாக்டர் அட்டையைத்தான் பார்ப்பார். எல்லா வேளையும் விழுங்கியும் கிருமி சாகவில்லை, மருந்துக்கு அடங்காத நோய் என்று நினைப்பார். இல்லாத நோய்க்கு வேறு மருந்து, ஊசி, பெரிய ஆஸ்பத்திரி என்று போகும், ஊருக்கும் தெரிந்துவிடும். அவருடைய உயிரும் மகளின் கல்யாணமும் என் பேனாவில் தொங்கிக்கொண்டிருந்தன. உடனே போய் உண்மையைச் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

புதன்கிழமை காலையில் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீ குடித்தேன். சார் ஆபீஸ் இருக்கிற தெரு முனை வரைக்கும் நடந்தேன். ஒழுங்கு நடவடிக்கை என்று 17பி குறிப்பாணை, இன்கிரிமென்ட் கட், கூட வேலை பார்ப்பவர்கள் மூஞ்சி எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தது. திரும்பி வந்து இன்னொரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். புயல் தண்ணீரில் நடந்தவள் நான்தான்.

வியாழக்கிழமை மறுபடி லாத்தா வீட்டு அடுப்படி. “போனேன் லாத்தா, திரும்பி வந்துட்டேன்” என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். இருமலும் சிரிப்புமாக வந்தது.

“நர்சம்மா, முப்பது நோன்பையும் நான் மட்டும் தனியா வீட்டுக்குள்ள பிடிக்கணும்னா மூணாம் நாளே விட்ருவேன். ஊரே பிடிக்குது. பக்கத்து வீட்டுல சட்டி உருட்டுற சத்தம் கேக்குது, நானும் எந்திரிக்கிறேன். பொழுது அடைஞ்சு பள்ளியில பாங்கு சொல்லுறாக, எல்லாரும் நோன்பு திறக்குறாக, நானும் திறக்குறேன். இதுல எம் பெருமை என்னா இருக்கு? நீங்க குடுத்த மாத்திரைய நான் மட்டும் தனியா, ஒளிச்சு வச்சு, யாரும் பாக்காம முழுங்கணும். அதான் முடியலை.”

அந்த மெக்கானிக் சொன்னதும் இதுதான். அவருக்குக் கடைக்குப் போகிற வழி இருந்தது, இவருக்கு நோன்பு இருந்தது. நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சரி லாத்தா, நோன்பு திறக்குறப்ப நான் வந்து உக்காரவா?” என்றேன்.

“வாங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க போயி அந்த சார்ட்ட சொல்லிட்டு வாங்க. வந்து சொல்லிட்டேன்னு சொல்லுங்க. நான் அங்கனயே முழுங்குறேன். நீங்க வார வரைக்கும் நோன்பு திறக்க மாட்டேன்.”

“லாத்தா, பஸ்ஸு லேட்டானா?”

“ஆகட்டும்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு ஒருவர் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் எனக்காக உட்கார்ந்திருக்கப் போகிறார் என்ற நினைப்பு முதுகில் கை வைத்துத் தள்ளியது. மாடியில் அவர் அறை. பெயர் எழுதிய மருந்துப் பெட்டிகள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“சார், ஹபீபா அட்டையில ஒம்பது டிக்கும் பொய். நான் பாக்கலை. மாத்திரைய கையில குடுத்துட்டேன். அந்த அம்மா போடலை.”

“ம்” என்றார். தண்ணீர் குடிக்கவில்லை. மேசை இழுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். லாத்தாவுக்குத் திங்கட்கிழமை சளிப் பரிசோதனை என்று டாக்டருக்கு எழுதிய சீட்டின் நகல். அதில் புதன்கிழமைத் தேதி போட்டிருந்தது.

“தெரியுமா சார்?”

“மூணு வாரம் போட்ட டிக்கு ஒம்பது விதமா இருக்கும்மா. ஒரு நா அவசரம், ஒரு நா பேனா எழுதாது, ஒரு நா கை ஈரம். இது ஒம்பதும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே மூச்சுல போட்டது.”

“அன்னைக்கே ஏன் சார் கேக்கலை?”

“கேட்டேனே. பாத்தியான்னு கேட்டேன். பாத்தேன்னு சொன்ன. நோயாளிய காக்க வைக்க முடியாது, அதான் டாக்டர்ட்ட சொல்லிட்டேன். உன்னைய மட்டுந்தான் காக்க வச்சேன். திங்கக்கிழம வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்.”

சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். நான் கொண்டுபோயிருந்த அட்டையில் ஒவ்வொரு டிக்கையும் அடித்து, பக்கத்தில் ‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மொத்தமாக ஒரு கையெழுத்துப் போதாதா சார் என்றேன். போதாது என்றார். ஒன்பது தடவை எழுதினேன். ஐந்தாவதில் அழுகை வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

“மெமோ வருமா சார்?”

“வரும்.”

லாத்தா எனக்காக நோன்பு திறக்காமல் காத்திருக்கப் போவதையும் சொல்லிவிட்டு, நாலு ஆறுதல் வார்த்தை சொல்வார் என்று நின்றேன். “இன்னைக்கு அந்த அம்மா மாத்திரை போடட்டும், மத்ததை டாக்டர் பாத்துக்குவாரு. கெளம்பு, கெளம்பு. வயித்தைக் காயப்போட்டு உக்காந்திருக்கும்” என்று கையை ஆட்டிவிட்டார்.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிட்டது. ராமேஸ்வரம் ரயில் நிதானமாகப் போனது, அதற்குப் பின்னால் ஒரு கூட்ஸ் அதைவிட நிதானமாகப் போனது. ஊருக்குள் நுழையும்போது பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். கையில் தூக்குச்சட்டியோடு ஓடினேன். சட்டி எதற்கு என்றால், நோன்புக் கஞ்சி வாங்க வந்தவள் என்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் எங்கள் பக்கம் கஞ்சிக்குச் சாதி மதம் கிடையாது, எந்த வீட்டு வாசலிலும் சட்டியோடு நிற்கலாம்.

முன்னறையில் பேரீச்சங்கொட்டைகளும் காலிக் கிண்ணங்களும் கிடந்தன. அடுப்படியில் உம்மாவின் சத்தம் கேட்டது. “ஏண்டி, பாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு! தண்ணியவாவது குடிடி, கிறுக்கச்சி!” லாத்தா கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “உம்மா, நர்சம்மாவுக்குக் கஞ்சி ஊத்துறேன், நீங்க தொழப் போங்க” என்று அனுப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் லாத்தா.”

பழத்தை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். நாலு வாய் கஞ்சி குடித்தார். பிறகு ஏழு மாத்திரையையும் ஒவ்வொன்றாக விழுங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார், தன் பேரைச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். அந்த டிக் கோணலாக விழுந்தது.

திங்கட்கிழமை சளியில் கிருமி இருந்தது. மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, நின்றுபோனதுதான் காரணம் என்று டாக்டருக்கு இப்போது தெரியும். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். மறுபடி ஆறு மாதம். லாத்தா, “சரி” என்று மட்டும் சொன்னார். மிச்ச நோன்பு நாளெல்லாம் நான் தூக்குச்சட்டியோடு போனேன். அந்தக் கஞ்சி மாதிரி ஒன்றை இன்றுவரை நான் குடித்ததில்லை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பழையபடி ஒயர்கூடையோடு லுஹருக்கு மேல் வந்தார். நடுவில் எனக்கு மெமோவும் வந்தது, இன்கிரிமென்ட்டும் நின்றது. கடைசி வேளை அன்று அட்டையை அவரே வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இல்லை” என்றார். மகள் கல்யாணத்துக்குப் போய் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டேன். நோட்டில் ‘ம.உ.’ போடுவதை அதோடு விட்டுவிட்டேன். யாராவது புது நோயாளி வந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: தினமும் தவறாமல் எங்கே போவீர்கள், யார் கூட இருப்பார்கள்?

ஓய்வு பெற்றுத் தீவுக்குத் திரும்பி வந்த பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவள், என் மாத்திரையை வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுவேன். இது எப்படியோ லாத்தா காதுக்குப் போய்விட்டது. இரண்டு வருடமாகத் தினமும் பொழுது அடைந்து மக்ரிபு தொழுகை முடிந்ததும் கீழக்கரையிலிருந்து போன் வருகிறது. வீடியோவில்தான் கூப்பிடுவார். “வாயைத் தெறங்க. நாக்கைத் தூக்குங்க. பேரைச் சொல்லுங்க.” நான் ஜெசிந்தா என்று சொன்னால்தான் போனை வைப்பார்.

கடலாடியில் பேசிய அன்றும் கூப்பிட்டார். என்ன பேசினீர்கள் என்றார். தடுப்பூசிப் பெட்டி கதை என்றேன்.

“அட்டைக் கதை?”

“அதைச் சொல்லலை லாத்தா.”

பிறகு, “வாயால சொல்ல வெக்கமா இருந்தா எழுதுங்க. எம் பேரை மட்டும் மாத்திருங்க, பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்” என்றார். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று நானும் மாதத்தை ஓட்டிவிட்டேன். இன்று காலையில் மறுபடி போன். “இன்னைக்கு வியாழக்கிழமை, கடமை இல்லாட்டியும் சுன்னத்து நோன்பு பிடிச்சிருக்கேன். நீங்க எழுதி முடிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் திறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். அறுபது வயதில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு, எழுபது வயதில் பட்டினி கிடந்து காவல் இருக்கிறார்.

மணி ஆறு. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இந்தத் தடவை ரயில்வே கேட் இல்லை. போனை எடுத்துவிட்டேன்.

சொல்லிட்டேன் லாத்தா. தண்ணியக் குடிங்க.